சி.வி. ராமனின் சுத்தியலும் எங்கள் வீட்டுக் கீபோர்டும்

மூன்று மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை. மகளைக் கூப்பிட்டுவர முகப்பேரில் இருக்கும் அவளுடைய பியானோ மிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வைத்து மிஸ் சொன்னார்: "நோட்ஸ் எல்லாம் கரெக்டா வாசிக்கிறா சார். ஆனா மெதுவா வரவேண்டிய இடமும் பலமா வரவேண்டிய இடமும் ஒரே மாதிரி கேக்குது. வீட்ல எதுல பிராக்டீஸ் பண்றா?"

வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. பதினைந்து வருஷம் முன்னால் எனக்காக வாங்கியது. நாலு பாட்டோடு நான் நிறுத்திவிட்டேன், அது பரணுக்குப் போய்விட்டது. மகள் பியானோ கத்துக்கணும் என்றதும் தூசி தட்டி இறக்கினேன். நூற்றுக்கணக்கான வாத்தியங்கள் அதற்குள் இருக்கின்றன. முதல் எண்ணைத் தட்டினால் கிராண்ட் பியானோ.

"அது கீபோர்டு சார், பியானோ இல்ல" என்றார் மிஸ். கோபமாகச் சொல்லவில்லை. ட்ரினிட்டி தேர்விலேயே பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம் என்று ஞாபகப்படுத்தினார்.

முகப்பேரிலிருந்து அயனம்பாக்கத்துக்கு வண்டியில் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரமும் இதே யோசனை. ஸ்க்ரீனில் பியானோ என்று போட்டிருக்கிறது. கேட்டாலும் பியானோ மாதிரிதான் இருக்கிறது. அப்புறம் என்ன குறைச்சல்? நான் மென்பொருள்காரன். குறை எங்கே என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

அன்று ராத்திரியே ஒரு பியானோ மென்பொருளின் சோதனைப் பதிப்பை லேப்டாப்பில் இறக்கினேன். கீபோர்டை யு.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன். இந்த மென்பொருளில் எந்தப் பியானோவின் ஒலிப்பதிவும் கிடையாது. கட்டையை அழுத்தினால், அந்த இடத்தில் ஒரு பியானோ எப்படி ஒலித்திருக்கும் என்று அந்தக் கணமே கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகிறது. இறக்கிய கோப்பின் அளவு, குடும்ப வாட்ஸப் குரூப்பில் வரும் கல்யாண வீடியோவை விடச் சின்னது.

மகள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் வாசித்தாள். அப்புறம் திரும்பி, "அப்பா, இதுல மெதுவா அடிச்சா சத்தம் கம்மியா மட்டும் கேக்கல. வேற மாதிரி கேக்குது" என்றாள்.

அந்த "வேற மாதிரி" என்ன என்று தேடிப்போனதுதான் இந்தப் பதிவு. சிந்தசைசர் வரலாற்றில் தொடங்கி, எதிர்பாராமல் 1920-ல் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் போய் நின்றேன். அதை எழுதியவர்களில் ஒருவர் நம்ம திருச்சிக்காரர். எல்லோரும் ஒளிக்காக மட்டுமே தெரிந்துவைத்திருக்கிற சி.வி. ராமன்.

பியானோ ஏன் பெட்டிக்குள் போனது

சென்னைக்குப் பியானோ புதிது இல்லை. அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடையின் வேர் 1842-ல் தொடங்கிய மிஸ்க்வித் கம்பெனியில் இருக்கிறது. பியானோ இறக்குமதி செய்வதும் பழுது பார்ப்பதும் அவர்கள் தொழில். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார வீடுகள், சர்ச்சுகள், ஜமீன்தார்கள்.

சாதாரண வீட்டுக்கு அது வராததற்குக் காசு ஒரு காரணம், பொருளே இன்னொரு காரணம். சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோ 200 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் பல டன். அதைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம். ஒலியைப் பரப்ப மெல்லிய மரப்பலகை. ஐப்பசி மழையில் அந்தப் பலகை ஈரம் குடித்து உப்பும், சித்திரையில் சுருங்கும், கூடவே ஸ்ருதியும் நகரும். அதைச் சரிசெய்யத் தேர்ந்த ட்யூனர் வேண்டும். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில், மூணாவது மாடியில், இதையெல்லாம் வைத்து நினைத்துப் பாருங்கள்.

அதனால் நம் ஊரில் பியானோ கற்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பியானோ என்றால் பிளக் போட்டு ஓட்டும் பெட்டிதான். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்கள் காதும் விரலும் எதைக் கற்றுக்கொள்கின்றன என்பதோடு சேர்ந்த கேள்வி.

ஒரு கட்டையை அழுத்தும்போது

பெட்டியை விட்டுவிட்டு முதலில் அசல் வாத்தியத்துக்குள் பார்க்கலாம். 1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பார்த்தொலொமியோ கிறிஸ்தொஃபோரி உருவாக்கிய ஏற்பாடு இது. கட்டையை அழுத்தினால், ஃபெல்ட் என்கிற அமுக்கப்பட்ட கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் மேலே எறியப்படுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே கட்டைக்கும் சுத்தியலுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதன்பின் சுத்தியல் தன் வேகத்தில் போய்க் கம்பியை அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆக, வாசிப்பவரின் கையில் கடைசியாக மிஞ்சுவது சுத்தியலின் வேகம் ஒன்றுதான்.

அந்த அடி எவ்வளவு நேரம் நீடிக்கும்? பியானோவின் நடுவில் இருக்கும் 'மிடில் சி' கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் கம்பி நொடிக்குச் சுமார் 261.6 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 3.8 மில்லி செகண்ட். சுத்தியல் கம்பியோடு ஒட்டியிருக்கும் நேரமும் சில மில்லி செகண்ட்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் நிறைய நடந்துவிடுகிறது. சுத்தியல் அடிப்பது கம்பியின் நடுவில் இல்லை. ஒரு முனைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தூரத்தில். அடித்ததும் கிளம்பும் அலை பக்கத்து முனைக்குப் போய் முட்டித் திரும்புகிறது. கணக்குப் போட்டால் அந்தப் பயணத்துக்கு அரை மில்லி செகண்டுக்கும் குறைவான நேரமே ஆகும். சுத்தியல் இன்னும் கம்பியை விட்டு எழுந்திருக்காது. திரும்பி வந்த அலை சுத்தியலையே உதைக்கும். இப்படிச் சில முறை. அந்த உதைகளில்தான் சுத்தியல் கடைசியில் விலகுகிறது.

இன்னொரு விஷயம் ஃபெல்ட். லேசாக அமுக்கினால் மெத்தென்று இருக்கும். வேகமாக அமுக்கினால் இறுகிவிடும். மெதுவாக அடிக்கும்போது சுத்தியல் மெத்தென்று அதிக நேரம் ஒட்டியிருக்கும். அதனால் கம்பியின் நுண்ணிய, உயர்ந்த அதிர்வுகள் அமுங்கிப் போகும். பலமாக அடித்தால் இறுகிய ஃபெல்ட் சட்டென்று பட்டு விலகும். உயர்ந்த அதிர்வுகள் பளிச்சென்று கிளம்பும். அதாவது பியானோவில் பலம் கூடினால் சத்தம் கூடுவதோடு குரலே மாறுகிறது. மகள் கேட்ட "வேற மாதிரி" இதுதான்.

பௌபஜார் தெருவில் ஒரு கணக்கு அதிகாரி

இந்தச் சில மில்லி செகண்டுகளுக்குள் புகுந்து பார்க்கிற ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பற்றி எழுதினார். 1895-ல் வால்டர் காஃப்மன் சுத்தியலும் கம்பியும் மோதுவதற்கு ஒரு கணிதக் கோட்பாடு கொடுத்தார். அதை எடுத்து அலசி, சோதனையோடு ஒப்பிட்டு, 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, பியானோ சுத்தியலின் மோதல் பற்றிய காஃப்மனின் கோட்பாடு. எழுதியவர்கள் சி.வி. ராமன், பி. பானர்ஜி.

ராமன் 1888-ல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1907-ல் எம்.ஏ. முடித்த கையோடு நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் துணை அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலைக்குப் போனார். அங்கே பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆபீசுக்குப் போகும் முன்னும், ஆபீஸ் முடிந்த பின்னும் ராமன் அந்த ஆய்வுக்கூடத்தில் இருப்பார். 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆகும்வரை, பத்து வருஷம் இப்படித்தான். ஆபீஸ் வேலை முடித்துவிட்டு ராத்திரி ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுகிற என்னைப் போன்ற ஆட்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரத்தானே செய்யும்.

அந்தக் கால ராமனின் பெரிய விஷயம் ஒலி. வயலினில் வில் உராயும்போது தந்தி எப்படி அதிர்கிறது என்று 1918-ல் ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். மனிதக் கையின் ஏற்ற இறக்கம் குறுக்கே வரக்கூடாது என்று வயலினை இயந்திரத்தால் வாசிக்க வைத்துச் சோதித்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரணை, தோலின் ஒழுங்கில்லாத அதிர்வுகளை எப்படி ஸ்வரமாக்குகிறது என்று காட்டினார். தம்புராவையும் வீணையையும் எடுத்துக்கொண்டு, வளைந்த குதிரைதான் அந்தத் தந்திகளின் செழிப்புக்குக் காரணம் என்று விளக்கினார். 1927-ல் ஜெர்மன் இயற்பியல் கலைக்களஞ்சியம் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுத இவரைத்தான் கூப்பிட்டது. ராமன் விளைவு வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

பியானோ கட்டுரையின் கேள்வி எளிமையானது. சுத்தியல் கம்பியோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது? அடிக்கும் இடம் மாறினால் அந்த நேரம் எப்படி மாறுகிறது? ஒட்டியிருக்கும் வரை சுத்தியலையும் கம்பியையும் தனித்தனியாகப் பார்க்காமல், இரண்டும் சேர்ந்த ஒரே அமைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அணுகுமுறை. அதில் எடுத்துக்கொண்டது கடினமான சுத்தியல். ஃபெல்ட்டின் மெத்தென்ற தன்மை கணக்குக்குள் வரவில்லை. அமுங்கி எழும் சுத்தியலின் கணக்கை 1920-களில் பஞ்சானன் தாஸ், அலகாபாத்தின் ஆர்.என். கோஷ் போன்றவர்கள் தொடர்ந்தார்கள். பியானோவே அபூர்வமான ஒரு நாட்டில், பியானோ சுத்தியல் பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சிப் பரம்பரை இருந்திருக்கிறது. எனக்கு இது சுத்தமாகத் தெரியாது.

முதல் வழி: பதிவு செய்து வைத்துக்கொள்

இப்போது பெட்டிக்கு வருவோம். எலெக்ட்ரானிக் கருவியில் பியானோ ஒலியைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நல்ல பியானோ ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கட்டையாக அடித்துப் பதிவு செய்து, கேட்கும்போது திருப்பிப் போடுவது. இதுதான் சாம்பிளிங்.

சொல்ல எளிது. நினைவகம்தான் பிரச்சினை. ஒரு மனக்கணக்கு போடுவோம். சி.டி. தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 1,76,400 பைட். 88 கட்டை, ஒவ்வொன்றுக்கும் சராசரி 10 நொடி, மெது, நடுத்தரம், பலம், அதிபலம் என நாலு அளவு என்று வைத்துக்கொண்டால், சுமார் 620 எம்.பி. வரும். 1988-ல் வந்து உலகம் முழுக்க ஸ்டுடியோக்களைப் பிடித்த கோர்க் எம்1 கீபோர்டில், பியானோ, வயலின், டிரம்ஸ் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒலி நினைவகம் 4 எம்.பி.தான்.

அப்படியென்றால் எப்படிச் சமாளித்தார்கள்? சிக்கனம். சில கட்டைகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பதிவு. நடுவில் இருப்பவற்றுக்குப் பக்கத்துக் கட்டையின் பதிவையே வேகம் கூட்டியோ குறைத்தோ ஓட்டுவார்கள். அடி விழுந்த முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் நீண்ட ஓசைக்கு ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். இதற்குப் பெயர் லூப். கூடவே சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தால், காதுக்கு ஓசை மங்குவது போலத் தோன்றும்.

இது தந்திரம்தான், ஆனால் அசட்டுத் தந்திரம் இல்லை. ஸ்டீவி வொண்டரின் தூண்டுதலில் ரே குர்ஸ்வெய்ல் 1984-ல் கொண்டுவந்த கே250 கீபோர்டு, பெட்டிக்குள்ளும் பியானோ வரும் என்று வித்வான்களையே நம்பவைத்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த யமஹா டி.எக்ஸ்7-ல் பதிவே கிடையாது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறையில் ஒலியை உருவாக்கியது. அதன் எலெக்ட்ரிக் பியானோ புகழ்பெற்றது, ஆனால் அசல் பியானோ அதில் வரவில்லை.

தமிழ்நாட்டுக் காதுகளுக்கு இந்தக் காலகட்டம் முக்கியம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் இளையராஜா. அதே மாஸ்டரிடம் ஏ.ஆர். ரஹ்மானும் கற்றார். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியையும் சீக்வென்சரையும் பயன்படுத்தியது இசை ரசிகர்கள் அடிக்கடி பேசும் விஷயம். 1992-ல் 'ரோஜா' வந்தபோது கீபோர்டு ஒலிகள் பின்னணியிலிருந்து முன்னுக்கு வந்துவிட்டன. எண்பது, தொண்ணூறுகளில் வளர்ந்த நமக்குப் பியானோ என்றதும் மனசில் ஓடும் குரலில் அந்த லூப் சாம்பிள்களின் பங்கு பெரியது.

நினைவகம் மலிவானதும் சிக்கனம் தேவைப்படவில்லை. 1998-ல் நெமிசிஸ் நிறுவனத்தின் கிகாசாம்ப்ளர் மென்பொருள், பதிவுகளை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே நேரடியாக ஓட்டியது. லூப் இல்லாமல், கட்டை கட்டையாகப் பதிவு செய்த ஒரு பியானோவே சுமார் ஒரு ஜி.பி. இன்றைக்குப் பல பத்து ஜி.பி. அளவில் பியானோ சாம்பிள் தொகுப்புகள் கிடைக்கின்றன. அதே நேரம் என் வீட்டுக் கீபோர்டு போன்ற விலை குறைந்த பெட்டிகளில் இன்னமும் எண்பதுகளின் சிக்கனம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் வழி: ஒவ்வொரு முறையும் கணக்கிடு

இன்னொரு வழி, பியானோவின் ஒலியை விட்டுவிட்டுப் பியானோவையே கணினிக்குள் கட்டுவது. சுத்தியல், கம்பி, பலகை, டாம்பர் எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதிவிட்டு, அவை அதிர்வதைக் கணக்கிட்டு வெளியே அனுப்புவது. ஆங்கிலத்தில் ஃபிசிகல் மாடலிங் என்பார்கள். ராமன் காகிதத்தில் வைத்துப் பார்த்த அதே மோதலை நொடிக்கு 44,100 முறை கணக்கிட வேண்டும்.

1971-ல் லெஜாரன் ஹில்லர், பியர் ரூயிஸ் இருவரும் அதிரும் கம்பியின் சமன்பாட்டைக் கணினியில் தீர்த்து ஒலி எடுத்தார்கள். 1983-ல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் ஆச்சரியமான எளிமையில் ஒரு மீட்டிய தந்தியைச் செய்து காட்டினார்கள். கல்லூரியில் ப்ரோக்ராமிங் படித்த யாரும் ஒரு சாயங்காலத்தில் அதை எழுதிவிடலாம். நானும் எழுதிப் பார்த்தேன், இருபது வரிதான். ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் இதை 'டிஜிட்டல் வேவ்கைட்' என்ற முழு முறையாக வளர்த்தார். அந்த முறையில் 1994-ல் வந்த யமஹா வி.எல்.1, ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம்தான் ஒலிக்கும். குழலுக்கும் சாக்ஸஃபோனுக்கும் அது போதும். பத்து விரலும் பெடலும் சேர்ந்து இயங்கும் பியானோவுக்கு எங்கே போதும்?

2006-ல் பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து பியானோடெக் வந்தது. அதன் பின்னால் இருந்த ஃபிலிப் கியோம் கணிதப் பேராசிரியர், அதற்கு முன் பியானோ ட்யூனர். 2009-ல் ரோலண்ட் வி-பியானோ அதே கொள்கையில் ஒரு முழு வாத்தியமாகவே வந்தது.

இதைக் கேட்டதும் கணக்கு முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பிரான்சில் ஜூலியெட் ஷபாசியே என்ற ஆய்வாளர் சுத்தியலிலிருந்து காற்று வரை ஒரு பியானோவை எந்தச் சலுகையும் இல்லாமல் கணக்கிட்டபோது, ஒரு நொடி ஒலிக்கு நூற்றுக்கணக்கான பிராசஸர்கள் ஒரு நாள் அளவுக்கு ஓட வேண்டியிருந்தது. என் லேப்டாப்பில் அந்தந்தக் கணமே ஒலிக்கிற மென்பொருள் நிறைய சலுகை எடுத்துக்கொள்கிறது என்றுதான் அர்த்தம். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது என்று தெரிந்து சுருக்குவதில்தான் திறமை. சுருக்கக்கூடாதவற்றில் ஒன்று அந்தச் சுத்தியலின் மோதல். ராமனின் சமன்பாடு அப்படியே உள்ளே இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அவர் கேட்ட கேள்வி உள்ளே இருக்கிறது.

வீட்டுச் சோதனை

இரண்டையும் நேர்மையாக ஒப்பிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மகள் வாசித்ததை மிடியில் ஒருமுறை பதிவு செய்துகொண்டேன். மிடி என்பது 1983-லிருந்து எல்லாக் கீபோர்டுகளும் பேசிக்கொள்ளும் மொழி. அதில் ஒலி இருக்காது. எந்தக் கட்டை, எப்போது, 1 முதல் 127 வரை எந்த வேகத்தில் என்ற எண்கள் மட்டும் இருக்கும். அதே எண்களைக் கீபோர்டுக்கும் அனுப்பினேன், மென்பொருளுக்கும் அனுப்பினேன். ஆக வாசிப்பு ஒன்று, ஒலி மட்டும் இரண்டு. ஒரே ஹெட்ஃபோன், சத்தமும் ஒரே அளவு. கொஞ்சம் சத்தமாக இருப்பது நல்லதாகத் தோன்றும் என்பதால் இந்தக் கடைசி விஷயம் முக்கியம். உங்கள் வீட்டுக் கீபோர்டிலும் நீங்கள் செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை: ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகப் பலமாக அடியுங்கள். என் கீபோர்டில் ஒரு கட்டம் வரை சத்தம் மட்டும் கூடியது. ஓரிடத்தில் சட்டென்று குரல் மாறியது. மெதுவான பதிவிலிருந்து பலமான பதிவுக்குத் தாவுகிற இடம் அது. மென்பொருளில் குரல் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

இரண்டாவது: தாழ்ந்த கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக் காத்திருங்கள். அசல் பியானோவில் ஓசை நெளிந்து, நிறம் மாறி மங்கும். கீபோர்டில் மூன்று நொடிக்கு மேல் ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரே சீரான சுழற்சி கேட்டது. அதுதான் லூப். ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் காது அதை விடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மேலே மூன்று கட்டைகளை (ஸ-க-ப என்று வைத்துக்கொள்ளுங்கள்) அழுத்தி, ஓசை முழுக்க அடங்கும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கீழ் ஸட்ஜத்தை ஒரு தட்டு தட்டி உடனே விடுங்கள். அசல் பியானோவில், பிடித்திருக்கும் மூன்று கம்பிகளும் தொடப்படாமலேயே முனகும். பாட்டு க்ளாசில் சாத்தி வைத்த தம்புரா, யாராவது ஓங்கிப் பாடும்போது தானாக ரீங்கரிக்குமே, அதே விஷயம். மென்பொருள் முனகியது. என் கீபோர்டில் மயான அமைதி. தனித்தனிப் பதிவுகளுக்கு ஒன்றை ஒன்று தெரியாது.

மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொன்னாள். இதோடு முடித்திருந்தால் மென்பொருள் ஜெயித்தது என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஆனால் அம்மாவையும் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். எது எது என்று சொல்லவில்லை. இரண்டையும் கேட்டுவிட்டு, கீபோர்டைக் காட்டி, "இதுதான்டா பியானோ. அது என்னமோ டப்பாவுல தட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

சிரித்தேன். பிறகு யோசித்தபோது அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மாவுக்குப் பியானோ என்றால் ரேடியோவிலும் டேப் ரிக்கார்டரிலும் கேட்ட சினிமாப் பாட்டு. அந்தப் பளிச்சென்ற, சீரான குரல் அவருக்கு அசல். இன்னொன்று, சாம்பிளில் எங்கோ ஒரு நிஜ மரம், நிஜ அறை, நிஜ மைக் இருந்தது. அதன் சாயல் அந்தக் குட்டிப் பதிவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கில் பிறந்த ஒலியில், சுத்தியலை எவ்வளவு சரியாகப் பிடித்தாலும், மரப்பலகையின் அந்தக் கசங்கல் முழுசாக வருவதில்லை. சில கட்டைகளில் எனக்கே அது கொஞ்சம் உலோகமாகக் கேட்டது. இன்றைய டிஜிட்டல் பியானோக்களில் பல, பதிவையும் கணக்கையும் கலந்து, அடியைப் பதிவிலிருந்தும் கம்பிகளின் முனகலைக் கணக்கிலிருந்தும் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

சத்தம் பாதி, கட்டை பாதி

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னையே அவருடைய அப்ரைட் முன்னால் உட்காரவைத்து, "ஒரு கட்டையைச் சத்தமே வராம அழுத்துங்க சார்" என்றார்.

மெல்ல அழுத்தினேன். விரலுக்குக் கீழே ஒரு கனம். கட்டை அடியை நெருங்கும்போது ஒரு சின்னத் தடங்கல், அதைத் தாண்டியதும் ஏதோ கழன்றுகொண்டது போல ஓர் உணர்வு. கிறிஸ்தொஃபோரியின் ஏற்பாட்டில் சுத்தியல் கட்டையை விட்டுப் பிரியும் இடம் அது. மூன்று மாதமாக இதைப் பற்றிப் படித்தவன், அன்றைக்குத்தான் விரலில் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக் கீபோர்டின் கட்டைக்குக் கீழே இருப்பது ரப்பரும் ஸ்பிரிங்கும். அழுத்தினால் இறங்கும், அவ்வளவுதான். ஒலியில் சுத்தியலைக் கொண்டுவந்துவிட்டேன், விரலுக்கு இன்னும் சுத்தியல் போகவில்லை. 127 படிகள் இருந்து என்ன, அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கைக்குச் சொல்ல அங்கே கனமான பொருள் ஒன்றும் இல்லையே. முதல் நாள் மிஸ் சொன்ன குறையில் பாதி ஒலியைப் பற்றியது, பாதி கட்டையைப் பற்றியது. நான் எனக்குத் தெரிந்த பாதியை மட்டும் மூன்று மாதம் தோண்டியிருக்கிறேன்.

கடைசியில் என்ன செய்தோம்? 88 கட்டையும் சுத்தியல் கனமும் உள்ள பழைய டிஜிட்டல் பியானோ ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதற்குள்ளே இருக்கும் ஒலி ரொம்பச் சுமார். அதனால் லேப்டாப் மென்பொருளை அதோடு இணைத்துவிட்டேன். சாம்பிளா மாடலிங்கா என்று என்னிடம் யாராவது கேட்டால், இப்போது இப்படிச் சொல்கிறேன்: கேட்பதற்கும் பாட்டு அமைப்பதற்கும் நல்ல சாம்பிள் போதும், பல சமயம் அதுவே மேல். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு, கை மாறினால் குரலும் மாறுகிற பெட்டி வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கட்டையில் போடுங்கள். ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

போன வாரம் ராத்திரி ஆபீஸ் கால் முடிந்து வந்தபோது, மகள் ஹெட்ஃபோனோடு ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா பண்றே என்றேன். "எவ்வளவு மெதுவா அடிச்சா சத்தம் வரும்னு பாக்குறேன்ப்பா" என்றாள். அந்தப் பக்கம் பழைய கீபோர்டில் அம்மா ஒரு விரலால் ஏதோ பழைய பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பரணில் ஏற்றும் யோசனையை விட்டுவிட்டேன்.